மோட்டார் காயில் கட்டிய வகையில்

நாற்பத்தொன்று, சித்திரையில்.
நாற்பத்திரண்டு, ஆடியில்.
நாற்பத்துமூன்று, ஐப்பசி பதினெட்டு.
ஒரே கடையின் மூன்று ரசீதுகள்,
மோட்டார் காயில் கட்டிய வகையில்
ஒவ்வொன்றும் ஆறாயிரத்து எண்ணூறு.

நடுவில் ஆறு மாதம்
காரைக்குடியில் வேறு யாருக்கும்
மோட்டார் எரியவில்லை போலிருக்கிறது.
கழனிவாசல் பக்கம்
எங்கள் இருபத்துநாலு வீட்டுக்கு மட்டும்
அப்படி ஒரு ராசி.

சம்பை ஊற்று இனிக்கிற ஊரில்
கோடை முழுக்க லாரித் தண்ணீர் குடித்தோம்.
அதற்கும் ரசீது இருக்கிறது.
லாரி எண்ணைத் தேடிப் பார்த்தால்
தேவகோட்டையில் ஒரு ஸ்கூட்டர்.

நான் எல்.ஐ.சி.யில் கிளெய்ம் பார்க்கிறவள்.
இறந்தவர் இறந்ததற்கே தாள் கேட்கிற வேலை.
மோட்டாரை விடுவேனா.

ஞாயிறு காலை, கார் நிறுத்துகிற இடத்தில் கூட்டம்.
நாற்காலி வாடகை இருநூற்றைம்பது.
தலைவர் வயிரவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், மூடினார்.
“ஆச்சி, நமக்குள்ளே என்ன ரசீது?
நம்பிக்கைதானே சங்கம்” என்றார்.
நம்பிக்கை இருக்கிறது என்றேன்,
அதை எந்தப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள்,
வரவிலா, பற்றிலா?

சிரித்தார்கள்.
சிரித்தவர்களில் பாதிப் பேர்
கையெழுத்துக்குத் தாளை நீட்டியபோது
பேனா எழுதவில்லை என்றவர்கள்.

செல்வமேரி டீச்சர் மட்டும்
லிஃப்ட் நின்ற நாட்களைக் காலண்டரில் சுழித்துக்
கையோடு கொண்டுவந்திருந்தார். நாற்பத்தாறு சுழி.
மெக்கானிக் மாதம் தவறாமல் வந்துபோனதாகக் கணக்கு.
டீச்சர் தன் முழங்காலோடு நாலு மாடி ஏறியது
எந்தக் கணக்கிலும் இல்லை.

அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தேன்.
வாட்ச்மேன் சம்பளம் ஒன்பதாயிரம் என்ற வரியில்
விரலை வைத்து,
கேட் பக்கம் திரும்பி,
“சாத்தையா, உங்கள் கைக்கு எவ்வளவு வருகிறது?”

சாத்தையா என்னைப் பார்க்கவில்லை.
தலைவரைப் பார்த்தார்.
பொருளாளர் தேனப்பனைப் பார்த்தார்.
சுவரில் சாய்த்திருந்த தன் சைக்கிளைப் பார்த்தார்.
“ஒன்பதுதான் ஆச்சி.”

முந்தின நாள் ராத்திரி
ஏழரை என்று என்னிடம் சொன்ன வாய்.

இருபத்திரண்டு நாற்காலிக்கு நடுவில்
ஒரு மனிதனின் சோற்றைத் தூக்கிச்
சாட்சியாக வைத்துவிட்டேன்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
கேள்விக்கும் அது பொருந்தும் என்று
ஒருவரும் சொல்லித்தரவில்லை.

உட்கார்ந்துவிட்டேன்.

எழுந்தது சிக்கந்தர், பி-3, டைல்ஸ் கடை,
அதுவரை செல்போனில் கிடந்தவர்.
“அவர ஏன் கேக்கணும்?
அடுத்த மாசத்துலேர்ந்து பேங்க்ல போடுங்க.
பாஸ்புக் பேசிட்டுப் போகுது.”

பதின்மூன்று கைகள் உயர்ந்தன. ஒன்பது உயரவில்லை.
தேனப்பன் பீரோ சாவியை மேசைமேல் வைத்து
“நீங்களே பாத்துக்கோங்க” என்று
படியேறிப் போய்விட்டார்.
அன்று லிஃப்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மோட்டார் பணம் இருபதாயிரத்து நானூறு
இன்னமும் ‘விசாரணையில்’ என்ற தலைப்பில் நிற்கிறது.
கேட்டால் வயிரவன் பாட்டிலைத் திறக்கிறார்.

இப்போது நான் பொருளாளர்.
மாதம் பிறந்ததும் ஐந்தொகையை
லிஃப்ட் கதவில் ஒட்டுகிறேன்,
இந்தப் பலகையில் வரவு, அந்தப் பலகையில் செலவு.
கதவு திறந்தால் பிரியும்,
மூடினால் நேருக்கு நேர் நிற்கும்.

இன்று மாசித் தாளில்
சிவப்பு மையில் ஒரு சுழி.
நாற்பது ரூபாய் இடிக்கிறது.
பக்கத்தில் கேள்விக்குறி. பெயரில்லை.
அந்தக் கொக்கியின் வளைவு எனக்குத் தெரியும்,
மூன்று வருஷ ரசீதுகளில் பார்த்தது.

தேனப்பன்.

கோபம்தான் முதலில் வந்தது.
அப்புறம் வாசலிலேயே நின்று
விரல் விட்டு மறுபடி கூட்டினேன்.
அவர் சொன்னது சரி.

பினாயில் வாங்கிய வகையில் நாற்பது.
பையைக் கொட்டிப் பார்த்தாகிவிட்டது,
அலமாரித் தட்டுகளையும்.
ரசீதை எங்கே வைத்தேன்.